பிள்ளையாரைப் பாடியது பிழையா?

தீபாராதனை முடியும். வேதம் சொல்லியாகும். அதன் பிறகு அர்ச்சகர் எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். ஓதுவாருக்கு அதுதான் அழைப்பு. மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, குழித்தாளத்தைக் கையில் எடுத்து, 'திருச்சிற்றம்பலம்' என்று குரல் எடுப்போம். மைக் கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது. பல நாட்களில் கேட்கவும் ஆள் இருக்காது. கல்மண்டபம் மட்டும் நம் குரலை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். ஆழ்வார்குறிச்சி வன்னியப்பர் கோயிலிலும் சிவசைலத்திலும் கடனாநதிக் கரையை ஒட்டிய மற்றக் கோயில்களிலும் இப்படிப் பாடித்தான் என் வயது போயிருக்கிறது.

பங்குனியில் சிவசைலநாதரும் பரமகல்யாணி அம்பாளும் எங்கள் ஊருக்கு எழுந்தருள்வார்கள். தேர் ஓடுவது ஆழ்வார்குறிச்சி ரதவீதியில். அந்த நாட்களில் சாமிக்கு முன்னால் நாதஸ்வரமும் தவிலும் முழங்கிக்கொண்டு போகும். நாங்கள் பின்னால் திருமுறை பாடிக்கொண்டு வருவோம். வெயில், புழுதி, வெடிச்சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவே பண் கலையாமல் பாடவேண்டும். இதெல்லாம் எங்கள் தொழிலின் அன்றாடம். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எம்.எம். தண்டபாணி தேசிகர் திருவையாற்றில் பாடிய பாட்டைப் பற்றி நான் சொல்ல வருவது, கச்சேரி கேட்கிறவன் பார்வையில் அல்ல. சந்நிதியில் நின்று பாடுகிறவன் பார்வையில்.

தேசிகர் 1908-இல் திருச்செங்காட்டங்குடியில் பிறந்தவர். ஓதுவார் மரபில் வந்தவர். தேவாரத்தில் தொடங்கி, கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளையிடம் சங்கீதம் பயின்று, கச்சேரி மேடைக்கு வந்தார். 1936-இல் 'பட்டினத்தார்', 1942-இல் ஜெமினியின் 'நந்தனார்' என்று திரைப்படங்களிலும் நடித்துப் பாடினார். நந்தனாருக்குப் பிறகு அவர் குரல் தெரியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

1946 ஜனவரியில் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை. தேசிகர் போனார். தியாகராஜரின் சமாதி முன்னால், சித்தி விநாயகர் மேல் அமைந்த ஒரு தமிழ்ப் பாட்டைப் பாடினார். அவ்வளவுதான் நடந்தது. அடுத்துப் பாடவேண்டிய அரியக்குடி இராமானுஜ ஐயங்கார், சந்நிதி தீட்டுப்பட்டுவிட்டது என்று சொல்லிப் பாட மறுத்ததாகச் செய்தி பரவியது. பெரியாரின் 'குடியரசு' இதை விடவில்லை. அப்போது இளைஞராக இருந்த மு. கருணாநிதி 'தீட்டாயிடுத்து' என்ற தலைப்பில் அதில் எழுதினார். அன்றிலிருந்து இந்தச் சம்பவம் ஓயவில்லை. தமிழிசை என்று யார் பேச்செடுத்தாலும் இது வரும். ஒரு பக்கத்தார், "அங்கே அவர் அதைப் பாடியிருக்கக் கூடாது" என்பார்கள். மறுபக்கத்தார், "சரியான அடி கொடுத்தார்" என்பார்கள்.

இரண்டு பேச்சிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. தேசிகர் அடிக்கவும் போகவில்லை, முறை மீறவும் போகவில்லை. ஓதுவார் வீட்டில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் ஒரு சந்நிதியில் நின்றால் என்ன செய்யுமோ அதைச் செய்தார். பிள்ளையாரைப் பாடித் தொடங்கினார்.

எங்களுக்குப் பாடசாலையில் முதலில் சொல்லிக்கொடுப்பது இதுதான். பதினொன்றாம் திருமுறையில் கபிலதேவ நாயனார் பாடிய மூத்த நாயனார் திருவிரட்டை மணிமாலையிலிருந்து ஒரு வெண்பா. அதைப் பாடாமல் தேவாரத்துக்குள் போனால் எங்கள் ஆசிரியர் தாளத்தைக் கீழே வைத்துவிடுவார். திட்டமாட்டார், பேசவும் மாட்டார். நாங்களாகப் புரிந்துகொண்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பிள்ளையாருக்குப் பிறகு பஞ்சபுராணம்: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம். அந்த வரிசை மாறாது. அதற்குப் பின் திருப்புகழ், வாழ்த்து. கல்யாண வீடோ, கும்பாபிஷேகமோ, இழவு வீட்டுப் பதினாறாம் நாளோ, எங்கே போய் நின்றாலும் முதல் பாட்டு யானைமுகனுக்கு. யோசித்துச் செய்வது இல்லை இது. கால் கழுவிவிட்டுக் கோயிலுக்குள் போவது போல உடம்போடு வந்துவிடும்.

அந்தப் பழக்கம் உள்ள மனிதர் ஒரு மகானின் சமாதி முன்னால் நிற்கிறார். வாயில் முதலில் எது வரும்?

இதைச் சொல்லும்போதெல்லாம் என்னை மடக்குகிற ஒரு நண்பர் உண்டு. அம்பாசமுத்திரத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தியாகராஜ கீர்த்தனைகளில் ஊறியவர். பங்குனித் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் வருவார். ஒருமுறை தேர் நிலைக்கு வந்த பிறகு சன்னதித் தெருவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

"அண்ணாச்சி, தேசிகர் பெரிய வித்வான், நான் ஒத்துக்கிடுதேன். ஆனா ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு முறை இருக்குல்லா? அங்க அய்யர்வாள் கீர்த்தனை மட்டும்தான் பாடணும்னு வச்சிருக்காங்க. நீங்க பஞ்சபுராணம் பாடுத நேரத்துல நான் வந்து நடுவுல ஒரு தெலுங்குக் கீர்த்தனை பாடுனா விடுவியளா?"

"பிள்ளையார் மேல பாடுதியன்னா முதல்லயே பாடுங்க. நான் தாளம் போடுதேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நானும் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. முறை என்பதை நான் இலேசாக நினைக்கிறவன் அல்ல, முறையால் வாழ்கிறவன். ஆனால் கோயில் முறையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அதற்குள்ளேயே பதில் இருக்கிறது. அன்றைக்கே சிவசைலநாதருக்கு முன்னால் நாதஸ்வரக்காரர் என்ன வாசித்துக்கொண்டு வந்தார்? 'வாதாபி கணபதிம்' என்று தீட்சிதரின் சமஸ்கிருதக் கீர்த்தனையில் ஆரம்பித்தார். அதன்பின் இராமன் மேல் தியாகராஜர் செய்த தெலுங்குக் கீர்த்தனைகள். சிவன் கோயில் தேர், பாட்டு இராமனுக்கு. யாராவது தடுத்தார்களா? எங்கள் தாமிரபரணிக் கரைக்காரர் காருகுறிச்சி அருணாசலம் கோயில் கோயிலாக இப்படித்தான் வாசித்தார். சைவ ஊர்களில் நாலு வீதியிலும் ஜனங்கள் நடந்துகொண்டே விடிய விடியக் கேட்டார்கள். தமிழ்நாட்டுச் சிவாலயங்கள் தெலுங்குப் பாட்டையும் வடமொழிப் பாட்டையும் நாதஸ்வரத்தின் வழியே தினமும் வாங்கிக்கொள்கின்றன. அதனால் எந்தச் சந்நிதிக்கும் குறை வந்ததில்லை. அந்தப் பெருந்தன்மையை ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பாட்டுக்குத் திருப்பிக் கேட்பது அதிகமா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். திருவையாற்று ஆராதனையின் இன்றைய அமைப்பு தியாகராஜர் வகுத்துக் கொடுத்தது அல்ல. அவர் 1847 ஜனவரியில் சித்தியடைந்தார். பிறகு அந்தச் சமாதி கவனிப்பாரில்லாமல் கிடந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைப் போட்டு 1920-களில் அங்கே கோயில் எழுப்பினார். பிரிந்து நின்று ஆராதனையை நடத்திய வித்வான்களின் கட்சிகளோ அந்த அம்மாளையும் மற்றப் பெண்களையும் சந்நிதியில் பாட விடவில்லை. அதுவும் முறை என்றுதான் சொன்னார்கள். அவர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாகப் பாடினார். கட்சிகள் ஒன்றுசேர்ந்ததும், எல்லோரும் உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுகிற ஏற்பாடு வந்ததும் 1940 வாக்கில். தேசிகர் பாடியபோது அந்த ஏற்பாட்டுக்கு வயது ஐந்தாறு இருக்கும். பெண்கள் பாடக்கூடாது என்ற முறை கைவிடப்பட்டபோது தியாகராஜருக்கு ஒரு குறையும் வரவில்லை. மேடையில் குரல் கூடியது. ஆகவே முறை என்று நண்பர் சொன்னதை நான் மதிக்கிறேன். ஆனால் அது மனிதர்கள் பேசி வைத்த முறை. மனிதர்கள் பேசி விரிக்கக்கூடிய முறை.

அதே திருவையாறு பாடல் பெற்ற தலம் என்பதை நம் ஆட்களே மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். அப்பர் பெருமானுக்குக் கயிலைக் காட்சி கிடைத்த ஊர் அது. காந்தாரப் பண்ணில் அவர் அங்கே பாடிய பதிகத்தை இன்றும் ஓதுவார்கள் நவரோஜ் ராகத்தில் பாடுகிறோம். தியாகராஜர் பிறப்பதற்கு ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் காவிரிக் கரை தமிழ்ப் பண் கேட்ட கரை. தேசிகர் புதிதாக ஒன்றைக் கொண்டுபோய் அங்கே நுழைக்கவில்லை.

அரியக்குடியைப் பற்றியும் நான் நியாயமாகப் பேச வேண்டும். அவரைத் தமிழுக்குப் பகைவர் என்று எழுதுகிறவர்கள் ஆண்டாளின் திருப்பாவையை மறந்துவிடுகிறார்கள். முப்பது பாசுரங்களுக்கும் இன்று மேடைகளில் பாடப்படுகிற இசையமைப்பு அவருடையது. அருணாசலக் கவிராயரின் இராமநாடகப் பாடல்களையும் கச்சேரிக்குக் கொண்டுவந்தவர் அவர். ஆகவே அன்று நடந்ததற்கு மொழி வெறுப்பு ஒன்றே காரணம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எந்தப் பாட்டு எந்த இடத்தில், யார் வாயால், என்பதில் ஒரு கட்டுமானம் அன்றைக்குச் சங்கீத உலகில் இருந்தது. தமிழ் வரலாம், ஆனால் கச்சேரியின் கடைசியில், துக்கடாவாக வரவேண்டும். தேவாரம் வரலாம், விருத்தமாக, மங்களத்துக்கு முன்னால் வரவேண்டும். தேசிகர் தமிழை முதல் பாட்டாக வைத்தார். அதுவும் தியாகராஜர் முன்னால் வைத்தார். பாடியவர் ஓதுவார் மரபுக்காரர், சினிமாவில் நடித்தவர். இவையெல்லாம் சேர்ந்துதான் 'தீட்டு' என்ற அந்த வார்த்தையை வரவழைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

அந்த வார்த்தை எங்களுக்கு எப்படிக் கேட்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பிறப்போ இறப்போ என்றால் ஓதுவார் கோயிலுக்குப் போகமாட்டார். தீட்டு கழிந்து, குளித்து, திருநீறு பூசிக்கொண்டுதான் மறுபடி சந்நிதியில் நிற்பார். அந்த நாட்களில் நாங்கள் எங்களை நாங்களே விலக்கி வைத்துக்கொள்கிறோம். அப்படி ஒழுகுகிறவன் சுத்தமாகக் குளித்து, நீறணிந்து, பிள்ளையாரைப் பாடிய பாட்டையே தீட்டு என்றால், அவன் எங்கே போய்க் குளிப்பது?

எனக்கும் இதன் சாயல் ஒன்று நேர்ந்திருக்கிறது. வெளியூரில் ஒரு கும்பாபிஷேகம். யாகசாலையில் திருமுறை விண்ணப்பம் என்று அழைத்திருந்தார்கள். மேகராகக்குறிஞ்சியில் ஒரு பதிகம் எடுத்து நாலாவது பாட்டுக்குப் போகும்போது, "ஓதுவாரே, போதும், நேரமாச்சு" என்று குரல் வந்தது. மழைவேண்டிப் பாடுகிற பண் அது, நீலாம்பரி ராகம். அவசரமாகப் பாட வராது. பாதியில் நிறுத்தி, 'திருச்சிற்றம்பலம்' சொல்லி முடித்துவிட்டு எழுந்தேன். திருக்கடைக்காப்பு பாடாமல் பதிகத்தை விட்டுவந்த வருத்தம் ஊர் வந்து சேரும்வரை தீரவில்லை. கூலி குறைந்தால் பொறுத்துக்கொள்வோம். பாட்டைக் குறைத்தால் பொறுக்க முடியாது. தேசிகருக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும் என்று நினைக்கிறேன்.

இப்போது மறுபக்கத்தாரிடம் வருகிறேன். தேசிகருக்காகப் பேசியவர்கள் பேசியது நல்லதுதான். பேசாமல் விட்டிருந்தால் அந்த அவமதிப்பு அவரோடு மண்ணில் போயிருக்கும். 1941-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் கூட்டிய மாநாடும், 1943-இல் சென்னையில் எழுந்த தமிழ் இசைச் சங்கமும் ஏற்கெனவே வழி போட்டிருந்தன. எங்கள் சீமையின் ரசிகமணி டி.கே.சி., கல்கி, ராஜாஜி எல்லோரும் அந்த இயக்கத்தின் பக்கம் நின்றார்கள். குற்றாலத்தில் டி.கே.சி. வீட்டில் தமிழ்ப் பாட்டைச் சுவைத்த விதத்தைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். ஆனால் இந்தச் சண்டையில் ஒன்று காணாமல் போயிற்று. தேசிகர் பாடினார் என்கிறார்கள். எப்படிப் பாடினார் என்று யாரும் சொல்வதில்லை. எதிர்த்தவர்களுக்கு அது குற்றம். ஆதரித்தவர்களுக்கு அது கொடி. நடுவில் அது ஒரு பாட்டு என்பதே மறைந்துவிட்டது.

நான் அந்த ஆராதனைக்குப் பின்னால் பிறந்தவன். அவரை நான் கேட்டதெல்லாம் இசைத்தட்டிலும் திருநெல்வேலி வானொலியிலும்தான். 1963-இல் வானொலி நிலையம் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு, காலை பக்திப் பாடல்களில் எப்போதாவது அவர் குரல் வரும். அப்பா வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்காருவார். ஓதுவார்கள் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது முதலில் சொல். இசைக்காகச் சொல்லை அவர் உடைக்கமாட்டார். சந்தி பிரியவேண்டிய இடத்தில்தான் மூச்சு வாங்குவார். பிருகா உருண்டு வரும். ஆனால் வல்லினம் வல்லினமாகவே நிற்கும். தாளத்துக்குக் கட்டுப்படாமல் பாடுவதைச் சுத்தாங்கம் என்போம். தாளத்தோடு பாடுவதைப் பண்ணாங்கம் என்போம். சுத்தாங்கத்தில் பழகிய குரலுக்கு ஒரு நிதானம் இருக்கும். அந்த நிதானத்தைக் கச்சேரிப் பாட்டுக்குள்ளும் கொண்டுவந்தவர் அவர். பாரதிதாசனின் 'துன்பம் நேர்கையில்' பாட்டுக்கு தேஷ் ராகத்தில் மெட்டுப் போட்டவரும் அவர்தான். ஒரு வடநாட்டு ராகத்தைத் தமிழ் வரியின் மேல் இவ்வளவு இயல்பாக உட்கார வைத்தவருக்கு, இன்னொரு மொழிப் பாட்டின் மேல் என்ன பகை இருந்திருக்க முடியும்? பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைத் தலைவராக இருந்து பிள்ளைகளை உருவாக்கினார். 1972-இல் மறைந்தார்.

அதற்குப் பிறகும் சந்நிதியில் தமிழ் பாடுவது லேசான காரியமாக ஆகிவிடவில்லை. சிதம்பரத்தில் சிவனடியார் ஆறுமுகசாமி திருச்சிற்றம்பல மேடையில் தேவாரம் பாட முயன்று 2000-இல் அடிபட்டார். எட்டு வருஷம் போராடி, 2008 மார்ச்சில் அரசாணையோடும் போலீஸ் பாதுகாப்போடும்தான் அவர் அங்கே ஏறிப் பாட முடிந்தது. தேவாரம் கிடைத்த கோயிலிலேயே தேவாரம் பாட இந்த நிலை. சிதம்பரத்தில் பாட்டு தடுக்கப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் எனக்குத் திருவையாறு ஞாபகம் வரும். ஆறுமுகசாமி வயதான மனிதர், கையில் திருமுறைப் புத்தகம். அவரை எதிரியாகப் பார்க்க எப்படித்தான் மனம் வந்ததோ.

நண்பரிடம் அன்று கடைசியாக ஒன்று சொன்னேன். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டார். தியாகராஜர் 'பிரகலாத பக்தி விஜயம்' என்ற இசை நாடகம் எழுதினார் அல்லவா? அதன் தொடக்கத்தில் 'ஸ்ரீ கணபதினி' என்ற கீர்த்தனை வருகிறது. அவரும் பிள்ளையாரைப் பாடித்தான் தொடங்கினார். ராகம் சௌராஷ்டிரம். எங்கள் பண் கணக்கில் சௌராஷ்டிரம் என்பது வியாழக்குறிஞ்சி. ஞானசம்பந்தர் பாடிய பண் அது. நாங்கள் அன்றாடம் பாடுகிற பண்.

ஆராதனை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. இன்றும் அங்கே தியாகராஜர் கீர்த்தனைகளே பாடப்படுகின்றன. பஞ்சரத்தினம் அப்படியே இருக்கட்டும். அதில் ஒரு சுரமும் மாற வேண்டாம். புஷ்ய பகுள பஞ்சமி அன்று காலையில், அதற்கு முன்னால், ஓர் ஓதுவாரைக் கூப்பிடுங்கள். எந்த ஊர் ஓதுவாராகவும் இருக்கலாம், ஆணோ பெண்ணோ. வியாழக்குறிஞ்சியில் விநாயகர் மேல் ஒரு தமிழ்ப் பாட்டைப் பாடட்டும். அவர் முடித்த இடத்திலேயே ஒரு பாகவதர் 'ஸ்ரீ கணபதினி'யை எடுக்கட்டும். நான் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகளுக்கு இரண்டையும் அடுத்தடுத்துத்தான் பாடம் வைத்திருக்கிறேன். நண்பர் கீர்த்தனைக்குச் சாகித்யம் திருத்திக் கொடுத்தார். தெலுங்கு உச்சரிப்பில் அவர் கண்டிப்பானவர். ராகம் ஒன்று என்பதால் பிள்ளைகளுக்கு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவதில் தடங்கல் இல்லை. திருவையாற்றிலும் இருக்காது.